பழைய சர்வரிலிருந்து புதிய சர்வருக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் வட்டாரத்தில் நாங்கள் பார்த்துக்கொள்ளும் வெப்சைட், மெயில், டேட்டாபேஸ் மூன்றையும் பழைய சர்வர்களிலிருந்து புதியவற்றுக்கு மாற்றும் வேலை தொடங்கிவிட்டது. உங்கள் கம்பெனிக்கான தேதி தனியாக மெயிலில் வரும். அதற்குள் போனில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் டொமைன் (உங்கள் சைட்டின் பெயர்), அவுட்லுக், பழைய ஐபி எண் (சர்வரின் எண் முகவரி) பற்றிய மூன்று பதில்களை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஃபைல்களைக் காப்பி எடுப்பது எங்கள் வேலை, அதில் பெரிய சிரமம் இல்லை. பழைய சர்வரின் முகவரியை உங்கள் ஆபீஸிலும் ஆலையிலும் எந்தெந்த இடத்தில் அடித்து வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் எங்களுக்குத் தெரியாது.

“நல்லாத்தானுங்க ஓடிட்டிருக்குது, எதுக்கு மாத்தோணும்?”

ஓடுகிறது, உண்மைதான். ஆனால் அடியில் இருக்கும் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூன் 30-ஓடு நின்றுவிட்டது. டேட்டாபேஸ் சாஃப்ட்வேரான மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு 2023 அக்டோபரோடு சரி. சில சைட்டுகளை எழுதிய மொழி இன்னும் பிஎச்பி 5.6-இல் இருக்கிறது, அதற்கு 2018 கடைசியிலேயே முடிந்தது. இனி இவற்றில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், முன்போல் அதற்கு அடைப்பு வெளியிட ஆள் இல்லை. திருடனுக்கு மட்டும் சேதி தெரிந்துவிடும். ஹார்டுவேரும் வயதானது. டிஸ்க் போன பிறகு பதறி மாற்றுவதைவிட, எல்லாம் ஓடும்போதே நிதானமாக மாற்றுவது மேல்.

எவ்வளவு நேரம் சைட் நிற்கும்?

கம்பெனி விவரம், பொருள் படங்கள், முகவரி என்று மட்டும் இருக்கும் சைட் நிற்கவே நிற்காது. இரண்டு சர்வரிலும் ஒரே பக்கம் இருக்கும், பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

ஆர்டர் பதிவு, ஸ்டாக், சம்பளக் கணக்கு என்று டேட்டாபேஸோடு ஓடுபவை கொஞ்ச நேரம் நிற்கும். முதல் காப்பியைச் சில நாள் முன்பே, எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிடுவோம். மாற்றும் இரவில், இடையில் மாறிய ஃபைல்களை மட்டும் மறுபடி இழுப்போம். டேட்டாபேஸை அப்படி எளிதாக இழுக்க முடியாது. எழுதுவதை நிறுத்திவிட்டுக் கடைசி நிலையை முழுதாக எடுத்து, புதியதில் ஏற்றி, வரிசைகளை எண்ணிச் சரிபார்க்க வேண்டும். சிறிய டேட்டாபேஸுக்குச் சில நிமிடம், பெரியதற்கு ஒரு மணி நேரம் வரை ஆகலாம்.

டொமைன் பாஸ்வேர்டு எதற்குக் கேட்கிறீர்கள்?

எங்களுக்குப் பாஸ்வேர்டு வேண்டாம். அது உங்களிடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறோம்.

இதில் மூன்று விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. டொமைன் பெயரைப் பதிந்துவைத்திருக்கும் இடம் ஒன்று. அந்தப் பெயருக்கு எந்த ஐபி எண் என்று சொல்லும் நேம்சர்வர் இன்னொன்று. சைட்டும் மெயிலும் உட்கார்ந்திருக்கும் சர்வர் மூன்றாவது. நாங்கள் மாற்றுவது மூன்றாவதை. ஆனால் உலகத்துக்குச் சேதி சொல்ல வேண்டியது இரண்டாவது, அதைத் திறக்கும் சாவி முதலாவதில் இருக்கிறது. நேம்சர்வர் எங்களுடையதாக இருந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். வேறு இடத்தில் இருந்தால் நீங்கள் உள்ளே போய் ஏ ரெக்கார்டையும் (சைட்டுக்கானது) எம்எக்ஸ் ரெக்கார்டையும் (மெயிலுக்கானது) மாற்ற வேண்டும், நாங்கள் போனில் கூடவே இருந்து சொல்லித்தருவோம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், பல கம்பெனிகளில் டொமைனை வாங்கியது முதலாளி இல்லை. பல வருடம் முன்பு சைட் டிசைன் செய்து கொடுத்த தம்பி, தன் சொந்த மெயில் முகவரியில், தன் கார்டில் வாங்கிக் கொடுத்திருப்பார். அவர் இப்போது பெங்களூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பார். வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குத்தான் போகும். பெயர் பலகை உங்களுடையது, பட்டா வேறொருவர் பெயரில். இதை மாற்றும் நாளன்று ராத்திரி கண்டுபிடித்தால் அன்றைக்கு வேலை நடக்காது. அதனால் இன்றே உள்ளே நுழைய முடிகிறதா என்று பார்த்துவிடுங்கள். முடியவில்லை என்றால், அந்தத் தம்பியை நல்லவிதமாகக் கூப்பிட்டுப் பேசி, பதிவு மெயிலைக் கம்பெனி முகவரிக்கு மாற்றச் சொல்லுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தக் கம்பெனி முகவரி இதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் மீட்பதற்கான மெயிலும் வராமல் போய்விடும்.

மாற்றியதும் எல்லோருக்கும் உடனே தெரியுமா? 48 மணி நேரம் என்கிறார்களே?

நேம்சர்வரில் உள்ள ஒவ்வொரு டிஎன்எஸ் ரெக்கார்டுக்கும் டிடிஎல் என்று ஓர் ஆயுள் உண்டு, விநாடிக் கணக்கில். 86400 என்று இருந்தால், ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்ட கணினி ஒரு நாள் முழுக்க மறுபடி கேட்காது. அதை 300 ஆக்கினால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும். இந்த 300-ஐ மாற்றும் நேரத்தில் போட்டுப் பயனில்லை, பழைய ஆயுளோடு எடுத்துப்போனவர்கள் அது தீரும்வரை திரும்பி வர மாட்டார்கள். எனவே இரண்டு நாள் முன்பே குறைத்துவிடுவோம். எல்லாம் முடிந்த பிறகு மறுபடி ஏற்றிவிடலாம்.

48 மணி நேரம் என்ற கணக்கு நேம்சர்வரையே மாற்றும்போது வருவது. டாட்காம் பெயர்களுக்கு அந்தத் தகவலின் ஆயுள் 172800 விநாடி, அதாவது இரண்டு நாள். அதை நாமாகக் குறைக்க முடியாது. முடிந்தவரை நேம்சர்வரைத் தொடாமல் ரெக்கார்டை மட்டும் மாற்றுவது அதனால்தான்.

இடைப்பட்ட நேரத்தில் உங்கள் ஆபீஸுக்குப் பழைய சர்வரும், ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு (சரக்கு வாங்குபவருக்கு) புதிய சர்வரும் தெரியலாம். இருவரும் இரண்டு டேட்டாபேஸில் எழுதினால் கணக்கு கந்தல். ஆகவே அந்த இரவில் பழைய சர்வரில் உள்ள சைட்டையும் புதிய டேட்டாபேஸையே பார்க்கும்படி திருப்பிவிடுவோம். எந்த வழியாக ஆர்டர் வந்தாலும் ஒரே இடத்தில் பதியும். ஆபீஸில் மட்டும் பழையதே தெரிகிறது என்றால், வைஃபையை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள். அதில் சரியாக வந்தால் ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், போதும்.

எந்தக் கிழமை, எந்த நேரம்?

பொதுவாகச் சனி இரவு 10 மணிக்கு மேல் தொடங்கி ஞாயிறு மதியத்துக்குள். திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் போட்டு முடிக்காமல் யாரும் சாஃப்ட்வேரை விட மாட்டார்கள், அதனால்தான் பத்து மணி. ஈரோடு ஜவுளி வியாபாரிகளுக்குத் திங்கள் இரவும் செவ்வாயும் சந்தை. அந்தப் பக்கமே போக மாட்டோம். ஜிஎஸ்டிஆர்-1 போடும் 11-ஆம் தேதியும் ஜிஎஸ்டிஆர்-3பி போடும் 20-ஆம் தேதியும், அவற்றுக்கு முந்தைய இரண்டு நாளும் விலக்கு. நூல் மில்களுக்கு ஞாயிறு என்று ஒன்று கிடையாது, மூன்று ஷிஃப்டும் ஓடும். அவர்கள் எந்த நேரம் தோது என்று சொன்னால் அதன்படி வைத்துக்கொள்கிறோம். தீபாவளி போனஸ் கணக்கு நடக்கும் வாரங்களில் யாருக்கும் தேதி கொடுக்கவில்லை.

மெயில் தொலைந்துபோகுமா?

போகாது. அனுப்பும் சர்வர் உங்கள் சர்வரை எட்ட முடியவில்லை என்றால் மெயிலைத் தூக்கி எறியாது. வரிசையில் வைத்துக்கொண்டு விட்டுவிட்டு முயலும். குறைந்தது நான்கைந்து நாள் முயல வேண்டும் என்பதுதான் இணைய மெயில் நெறிமுறையின் பரிந்துரை. நாங்கள் நிறுத்தப்போவது சில நிமிடங்கள்.

நிஜமான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. எம்எக்ஸ் ரெக்கார்டு புதிய சர்வரைக் காட்டினாலும், பழைய சர்வர் “இந்த டொமைன் என்னுடையது” என்றே நினைத்துக்கொண்டிருக்கும். அதே பழைய சர்வரில் உள்ள இன்னொரு கம்பெனி உங்களுக்கு மெயில் போட்டால், வெளியே விசாரிக்காமல் உள்ளேயே பழைய பெட்டியில் போட்டுவிடும். திருப்பூரில் டையிங் யூனிட்டும் பிரிண்டிங் யூனிட்டும் கார்மெண்ட் கம்பெனியும் ஒரே சர்வரில் இருப்பது சாதாரணம். “பையர் மெயிலெல்லாம் வருது, டையிங்காரர் மெயில் மட்டும் வரலை” என்று யாராவது சொன்னால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மாற்றியவுடன் பழைய சர்வரில் உங்கள் டொமைனை வெளி டொமைனாகக் குறித்துவிடுகிறோம். அதோடு, பழைய பெட்டிகளைப் பிறகும் சில நாள் புதியவற்றோடு ஒத்திசைப்போம்.

அவுட்லுக்கில் என்ன மாற்ற வேண்டும்?

முதலில் ஃபைல் மெனுவில் அக்கவுண்ட் செட்டிங்ஸ் போய், உங்கள் அக்கவுண்டுக்கு நேராக ஐமாப் என்று இருக்கிறதா, பாப் என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐமாப் என்றால் கவலையில்லை. மெயில் எல்லாம் சர்வரில் இருக்கிறது, அப்படியே புதியதற்கு வந்துவிடும். சர்வர் பெயர் இருக்கும் இடத்தில் மெயில் என்ற சொல்லும் புள்ளியும் உங்கள் டொமைனும் இருந்தால் கைவைக்கவே வேண்டாம். அங்கே எண்ணாக ஐபி அடித்திருந்தால் மாற்ற வேண்டும். வாங்கும் பக்கம் போர்ட் 993, அனுப்பும் பக்கம் 465 அல்லது 587.

பாப் என்றால் கொஞ்சம் நில்லுங்கள். அக்கவுண்ட்ஸ் பிரிவில் நெடுநாளாக ஒரே கணினியில் உட்கார்ந்திருப்பவரின் அக்கவுண்ட் பெரும்பாலும் இதுதான். பாப் முறையில் மெயிலைக் கணினிக்கு இறக்கிவிட்டுச் சர்வரிலிருந்து அழிக்கும்படி வைத்திருந்தால், அவருடைய பத்து வருட மெயிலும் அந்தக் கணினியின் ஒரு பிஎஸ்டி ஃபைலில் மட்டுமே இருக்கும். சர்வரில் எங்களுக்கு எடுக்க எதுவும் இருக்காது. சர்வர் மாற்றம் அந்த ஃபைலைத் தொடப்போவதில்லை. ஆனால் “மெயில் வரலை” என்று யாராவது அக்கவுண்டை நீக்கிப் புதிதாகப் போடும்போது பழைய ஃபைல் கண்ணில் படாமல் போய்விடும். அது அழிந்திருக்காது, தேடித் திறக்கத் தெரியாமல் அலைய நேரும். ஆகவே அவுட்லுக்கை மூடிவிட்டு அந்த பிஎஸ்டியை ஒரு வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து வையுங்கள். பிறகு மற்றதைப் பார்க்கலாம்.

சர்வரிலும் ஒரு பிரதி இருக்கட்டும் என்று பாப்பில் வைத்திருப்பவர்களுக்கு வேறு வேடிக்கை. ஒவ்வொரு மெயிலுக்கும் சர்வர் கொடுக்கும் அடையாளம் புதிய இடத்தில் மாறிவிட்டால், அவுட்லுக் எல்லாமே புது மெயில் என்று எண்ணி முதலிலிருந்து இறக்க ஆரம்பிக்கும். திங்கள் காலை ஒன்பதரைக்கு, பேக்கிங் லிஸ்ட் அனுப்ப வேண்டிய நேரத்தில், 2017-இன் சாம்பிள் அப்ரூவல் மெயில்கள் படிக்காதவையாக வரிசைகட்டி இறங்கும். இவர்களை இந்தச் சாக்கில் ஐமாப்புக்கு மாற்றிவிடுவதே நல்லது. போனிலும் அதே பெட்டி தெரியும் என்றால் பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள்.

பாஸ்வேர்டு மாறுமா?

மாறாது. அதனால் “சர்வர் மாற்றுகிறோம், பாஸ்வேர்டு சொல்லுங்கள், ஓடிபி சொல்லுங்கள்” என்று யார் போன் செய்தாலும் அது நாங்கள் இல்லை. ஏற்றுமதிக்காரர்கள் கூடுதலாகக் கவனியுங்கள். மெயில் பெட்டிக்குள் நுழைந்தவன் முதலில் செய்வது, பையருக்கு “எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது” என்று எழுதுவதுதான்.

மாற்றிய பிறகு நாங்கள் அனுப்பும் மெயில் ஸ்பேமுக்குப் போகுமா?

ரெக்கார்டுகள் சரியாக இருந்தால் போகக் கூடாது. எஸ்பிஎஃப் என்பது உங்கள் பெயரில் மெயில் அனுப்ப எந்தெந்தச் சர்வருக்கு அனுமதி என்ற பட்டியல். அதில் புதிய ஐபி ஏறியிருக்க வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப்தான்; பழையதை விட்டுவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று போட்டால் இரண்டும் செல்லாது. உள்ளே உள்ள பெயர்களைத் தேடிப் பார்ப்பதும் பத்து முறைக்கு மேல் போகக் கூடாது. மெயில் உங்களுடையதுதான் என்று காட்டும் டிகிம் கையொப்பத்தின் சாவியையும், ஐபிக்கு எந்தப் பெயர் என்று சொல்லும் பிடிஆர் ரெக்கார்டையும் நாங்கள் பார்த்துக்கொள்வோம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் இவற்றில் கறாராக இருக்கிறது. நாளொன்றுக்கு 5000-க்கு மேல் ஜிமெயிலுக்கு அனுப்புபவர்களுக்கு டிமார்க்கும் (இந்தச் சோதனைகளில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) கட்டாயம்.

நீங்கள் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு: உங்கள் பெயரில் வேறு எங்கிருந்தெல்லாம் மெயில் போகிறது? பில் அனுப்பும் சாஃப்ட்வேர், சம்பளச் சீட்டு அனுப்பும் சாஃப்ட்வேர், ஸ்கேன் செய்து நேராக மெயில் போடும் ஜெராக்ஸ் மெஷின். கடைசியில் சொன்னதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

டேட்டாபேஸில் இருக்கும் தமிழ் கெட்டுப்போகுமா?

கவனமில்லாமல் மாற்றினால் கெடும். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் இடம் வேண்டும். புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனிக் குறி. “மஞ்சள்” என்ற சொல்லே 18 பைட். பழைய சாஃப்ட்வேர்கள் பலவற்றில் டேபிள் லத்தீன்1 (ஐரோப்பிய எழுத்துகளுக்கான முறை) என்று அறிவித்திருக்கும், ஆனால் உள்ளே யுடிஎஃப்-8 தமிழை ஊற்றியிருப்பார்கள். எழுதும்போதும் படிக்கும்போதும் அதே தவறு நடப்பதால் திரையில் சரியாகத் தெரியும். புதிய சர்வர் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்ததும் குட்டு வெளிப்படும்: தலையில் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஆர் முத்திரை, மறுபடி ஏ, மறுபடி முத்திரை என்று வாடிக்கையாளர் பெயரெல்லாம் ஓடும். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது மீட்கக்கூடியது, பைட்டுகள் அப்படியேதான் இருக்கின்றன. மீட்க முடியாதது கேள்விக்குறி. தவறாக மாற்றிச் சேமித்து எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டால் அங்கே தமிழே இல்லை. அதனால்தான் முழு டேட்டாபேஸையும் ஏற்றுமுன் தமிழ் உள்ள சில வரிகளை மட்டும் எடுத்துச் சோதிக்கிறோம்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறோம். லத்தீன்1 டேபிளில் 50 இடம் என்றால் 50 பைட். “ஈரோடு மஞ்சள் கிடங்கு” என்று எழுத 56 வேண்டும். கடைசி எழுத்துகள் பதியும்போதே வெட்டுப்பட்டிருக்கும், அவற்றை எங்களால் கொண்டுவர முடியாது. புதிய டேபிள்கள் யுடிஎஃப்8எம்பி4-இல் இருக்கும். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யுடிஎஃப்8 மூன்று பைட் வரைதான் தாங்கும். தமிழுக்குப் போதும், ஆனால் வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்த கும்பிடு எமோஜிக்கு நான்கு வேண்டும்.

பழைய சாஃப்ட்வேர் புதிய பிஎச்பியில் ஓடுமா?

2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7.0-இலேயே பழைய மைஎஸ்க்யூஎல் இணைப்புக் கட்டளைகளை எடுத்துவிட்டார்கள். அவற்றை நம்பி எழுதிய சாஃப்ட்வேர் வெள்ளைத் திரைதான் காட்டும், திருத்தியாக வேண்டும். தேதி தெரியாத இடத்தில் எல்லாம் பூஜ்யமாகப் போட்டுவைத்த பழக்கத்தைப் புதிய மைஎஸ்க்யூஎல் ஏற்காது. மார்க் பட்டியல் வைத்திருக்கும் பள்ளிகள் கவனிக்க: ரேங்க் என்பது மைஎஸ்க்யூஎல் 8.0-இல் ஒதுக்கப்பட்ட சொல், அந்தப் பெயரில் டேபிளில் ஒரு பத்தி (column) இருந்தால் டேட்டாபேஸைக் கேட்கும் குவெரி உடையும். விண்டோஸ் சர்வரிலிருந்து வருபவர்களுக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து தகராறும் உண்டு. லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு, லோகோ படம் காணாமல் போவது அதனால்தான்.

பழைய ஐபி எண்ணை எங்கெல்லாம் தேட வேண்டும்?

எங்களால் பார்க்க முடியாத இடங்களில். கேட்டில் இருக்கும் பஞ்சிங் மெஷினைத் திறந்து பாருங்கள். செட்டிங்கில் சர்வர் ஐபி என்று ஓர் எண் அடித்திருக்கும். அதை மாற்றாவிட்டால் திங்கள் காலை ஷிஃப்டுக்கு வந்த அத்தனை பேருக்கும் ஆப்சென்ட் விழும். எடைமேடை கணினி, கிடங்கில் பார்கோடு படிக்கும் கருவி, நேராக 3306 போர்ட்டில் டேட்டாபேஸைத் தொடும் ஆபீஸ் இஆர்பி (கம்பெனிக் கணக்கு வழக்கு சாஃப்ட்வேர்), ஆடிட்டர் ஆபீஸில் யாரோ செய்துவைத்த எக்செல் இணைப்பு. எல்லாவற்றையும் பாருங்கள். மாற்றும்போது எண்ணுக்குப் பதிலாகப் பெயரை அடியுங்கள், அடுத்த முறை இந்த வேலை இருக்காது.

எதிர்த்திசையும் உண்டு. பேங்க், பேமெண்ட் கேட்வே, எஸ்எம்எஸ் கம்பெனி, இ-இன்வாய்ஸ் இணைப்பு ஆகியவை “இந்த ஐபியிலிருந்து வந்தால் மட்டும்” என்று உங்கள் சர்வரைப் பதிந்துவைத்திருக்கலாம். ஐந்து கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 2023 ஆகஸ்டிலிருந்து இ-இன்வாய்ஸ் கட்டாயம். ஐஆர்என் (இ-இன்வாய்ஸ் பதிவு எண்) கிடைக்காவிட்டால் சரியான பில் போட முடியாது, லாரி கிளம்பாது. புதிய ஐபி உங்கள் தேதிக்குப் பத்து நாள் முன்பே தரப்படும். அன்றே எழுதிப்போடுங்கள், சில இடங்களில் படிவம், கையெழுத்து, முத்திரை எல்லாம் கேட்பார்கள்.

அப்புறம், குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகள். புதிய சர்வரின் கடிகாரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருந்தால் நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால் இருக்கும். தினமும் மாலை ஏழுக்கு நாமக்கல் முட்டை விலையைத் தன் ஏஜெண்டுகளுக்கு அனுப்பும் பண்ணையின் எஸ்எம்எஸ் நள்ளிரவு தாண்டி பன்னிரண்டரைக்குப் போனால் யாருக்கும் பிரயோஜனமில்லை. நேர மண்டலத்தை நாங்கள் அமைத்துவிடுகிறோம். இப்படிக் குறித்த மணிக்கு ஓடும் வேலைகள் என்னென்ன என்று ஒரு பட்டியல் கொடுங்கள்.

பிரவுசரில் சைட் முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுக் குறி போய், பாதுகாப்பு இல்லை என்று வருமா?

வராது. அந்தப் பூட்டுக்கான பழைய சான்றிதழையே புதிய சர்வரில் வைத்துவிட்டுத்தான் மாற்றுவோம். அது தீர்வதற்குள் புதியது தானாக வாங்கிக்கொள்ளும்.

மாற்றும் முன்பே புதிய சர்வரில் சைட்டைப் பார்க்கலாமா?

பார்த்தே ஆக வேண்டும். உங்கள் கணினியின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் அந்த ஒரு கணினிக்கு மட்டும் புதியது தெரியும். வரியை மெயிலில் அனுப்புவோம். முகப்பைப் பார்த்து “சூப்பர்” என்று சொல்லி மூடிவிடாதீர்கள். லாகின் செய்து, ஒரு பில் போட்டு, பிடிஎஃப் எடுத்து, ஒரு படம் ஏற்றிப் பாருங்கள். பார்த்து முடித்ததும் அந்த வரியை மறக்காமல் நீக்கிவிடுங்கள்.

ஏதாவது கோளாறு என்றால் பழையதற்கே திரும்ப முடியுமா?

ஞாயிறு மதியம் வரை முடியும், ரெக்கார்டைத் திருப்பினால் போதும். திங்கள் காலை புதிய சர்வரில் ஆர்டர்கள் பதிய ஆரம்பித்த பிறகு திரும்புவது என்றால் அந்தப் பதிவுகளையும் பின்னால் தூக்கிவர வேண்டும், அது தனி வேலை. எனவே ஞாயிறு காலை பதினொரு மணிக்கு உங்கள் தரப்பில் சோதித்துப் பார்த்து “சரி” என்று சொல்ல, விவரம் தெரிந்த ஒருவர் போனில் கிடைக்க வேண்டும். முதலாளியே வேண்டும் என்பதில்லை. தினமும் பில் போடும் பெண் யாரோ, அவரே சரியான ஆள்.

பழைய சர்வரை எப்போது நிறுத்துவீர்கள்?

குறைந்தது முப்பது நாள் ஓடும். அதன் லாக்கில் (வருகைப் பதிவில்) யார் இன்னும் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்று தினமும் பார்ப்போம். உங்கள் கிடங்கின் ஐபியிலிருந்து ஏதோ ஒன்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்துகொண்டிருந்தால் கூப்பிட்டுச் சொல்வோம், நீங்கள் போய் என்ன மெஷின் என்று தேடுங்கள். தட்டுவது நின்ற பிறகே அணைப்போம். அணைக்கும் முன் எடுக்கும் கடைசி காப்பி வேண்டுமென்றால் ஒரு டிஸ்க் கொடுத்தனுப்புங்கள், போட்டுத் தருகிறோம்.

இதற்குத் தனியாகக் கட்டணம் உண்டா?

மாற்றுவதற்கு இல்லை. பழைய சாஃப்ட்வேரின் புரோகிராமைத் திருத்த வேண்டியிருந்தால் அதற்கு மட்டும், பார்த்துவிட்டு முன்கூட்டியே சொல்வோம்.